மாட்ரிகல்: கேட்டவர்களுக்குப் பதில்

மாட்ரிகல் என்பது சர்ச் பாட்டா, ஐயா?

இல்லை. நான் சொல்வது நானூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்தின் கூட்டுப் பாட்டு வகை. காதல், வசந்தம், ஆட்டிடையர்கள், இவைதான் அதில் வரும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு குரல்கள். ஆளுக்கொரு புத்தகம், அதில் அவரவர் குரலுக்கான வரி மட்டும். மற்றவர் எங்கே இருக்கிறார் என்பதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். மேடைக்கு எழுதியதல்ல, வீட்டில் கூடி உட்கார்ந்து பாட எழுதியது.

இத்தாலியிலிருந்து காப்பியடித்ததுதானே?

ஆரம்பத்தில் ஆமாம். 1588-இல் நிக்கோலஸ் யங் இத்தாலிய மாட்ரிகல்களை ஆங்கில வரிகளோடு லண்டனில் வெளியிட்டார். ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் மோர்லியின் 'ஃப லா லா' (பொருளில்லாத பல்லவி) பாட்டுகளுக்கும் முன்மாதிரி காஸ்டோல்டி என்ற இத்தாலியர்தான்.

ஒன்றே ஒன்று கேட்பதென்றால் எதைக் கேட்கலாம்?

தாமஸ் வீல்க்ஸின் 'ஆஸ் வெஸ்டா வாஸ்'. ஆறு குரல். 1601-இல் மோர்லி தொகுத்த 'ட்ரையம்ஃப்ஸ் ஆஃப் ஓரியானா'வில் வந்தது. ஓரியானா என்றால் முதலாம் எலிசபெத் ராணி என்பார்கள். இதில் வார்த்தை சொல்வதை ஸ்வரம் செய்து காட்டும். மலையிறங்கும் இடத்தில் ஸ்வரமும் இறங்கும். 'இருவர் இருவராக' என்றால் இரண்டு குரல், 'மூவர் மூவராக' என்றால் மூன்று, 'எல்லோரும் சேர்ந்து' என்றதும் மொத்தக் கூட்டமும். பாட்டில் வரும் தேவதை தனியாக நிற்கும்போது ஒற்றைக் குரல். கடைசியில் 'நீடூழி வாழ்க' வரும்போது கீழ்க்குரல் ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து நிற்கும். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்பீர்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வீல்க்ஸ் பெரிய குடிகாரராமே?

சிசெஸ்டர் பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர். குடிக்கும் கெட்ட வார்த்தைக்கும் 1617-இல் வேலை போனது. அதற்குப் பல வருடம் முன்பே நல்ல மாட்ரிகல்களை எழுதி முடித்துவிட்டார்.

உங்களுக்குப் பிடித்தவர் வீல்க்ஸா?

ஜான் வில்பி. சஃபோக்கில் ஹெங்ரேவ் மாளிகையில் கிட்சன் குடும்பத்தின் இசைக்காரர். 1598, 1609, இரண்டே மாட்ரிகல் புத்தகங்கள். இறந்தது 1638-இல். 'ட்ரா ஆன் ஸ்வீட் நைட்' பாட்டில் மேஜர், மைனர் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசைகள் இரண்டும் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். துக்கம் அவ்வளவு மெதுவாக நகரும்.

நாங்கள் ஐந்து பேர், புதியவர்கள். எதில் தொடங்கலாம்?

மோர்லியின் 'நவ் இஸ் த மந்த் ஆஃப் மேயிங்', 1595. சரியாக ஐந்து குரல். முதல் சரணம் வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் அதே மெட்டுதான்.