மூணு பாட்டு சொல்லு

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 17 வயது. இரண்டு வருடமாக மெட்டல், கோத் ராக் கேட்கிறேன். வகுப்பில் இதையெல்லாம் பேச எனக்கு ஆளே இல்லை. போன வருடம் ஒரு கச்சேரியில், என் பையில் தைத்திருந்த இசைக்குழுப் பேட்ச்சைப் பார்த்துவிட்டு ஒருத்தி வந்து பேசினாள். அவள் வழியாக ஏழெட்டுப் பேர் பழக்கமானார்கள். முதல் சில மாதங்கள் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள்.

இப்போது அப்படி இல்லை. கறுப்பைத் தவிர வேறு நிறம் போட்டால் கிண்டல். என் பிளேலிஸ்டில் ஒரு பாப் பாட்டு இருந்ததைப் பார்த்ததிலிருந்து என்னை 'போஸர்' (வேஷம் போடுகிறவள்) என்கிறார்கள். போன மாதம் ஒரு புதுப்பெண் இசைக்குழுவின் பெயர் போட்ட டி-ஷர்ட்டோடு வந்தாள். "அந்த பேண்டோட மூணு பாட்டு சொல்லு" என்றார்கள். இரண்டு சொன்னாள், மூன்றாவது வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அவள் வரவே இல்லை.

பள்ளி யூனிஃபார்ம் பிடிக்காமல் வந்தவர்கள்தானே நாங்கள், இதுவும் யூனிஃபார்ம்தானே? "வித்தியாசமா இருக்கணும்னு எல்லாரும் ஒரே மாதிரி இருக்கீங்க" என்று என் அண்ணன் சிரிக்கிறான். அவன் சொல்வது சரியா? நான் இதிலிருந்து விலகிவிடட்டுமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

வயதில் மூத்தவள் என்ற உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன்.

முதலில் உன் அண்ணன் சொன்னது. கண்ணுக்குத் தெரிவதைத்தான் சொல்கிறான், அதனால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் வித்தியாசமாக இருப்பது மட்டும்தான் உங்கள் ஆசை என்று நினைத்துக்கொள்கிறான். அந்த வயதில் இரண்டு ஆசைகள் சேர்ந்தே வருகின்றன. பெருங்கூட்டத்தில் கரைந்து காணாமல் போய்விடக் கூடாது. யாருமில்லாமல் தனியாகவும் நின்றுவிடக் கூடாது. மெரிலின் புரூவர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1991-ல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். மனிதர்களுக்குச் சேர்ந்திருக்கும் தேவையும் உண்டு, வேறுபட்டிருக்கும் தேவையும் உண்டு, இரண்டும் ஒரே சமயத்தில் நிறைவேறும் இடத்தைத் தேடிப் போகிறார்கள் என்றார். சிறிய, எல்லை தெளிவான ஒரு குழு அதற்குத் தோதான இடம். வெளியே இருப்பவர்களோடு ஒட்டாமலும் உள்ளே இருப்பவர்களோடு ஒட்டியும் இருக்கலாம். ஒரே மாதிரி உடுத்துவது உங்கள் கொள்கையில் விழுந்த ஓட்டை என்று அண்ணன் நினைக்கிறான். நீங்கள் வந்ததில் பாதி அதற்காகத்தான்.

உன் கடிதத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அந்தப் பேட்ச் இல்லையென்றால் அந்தப் பெண் உன்னிடம் வந்து பேசியிருப்பாளா? என்ன இசை கேட்கிறோம் என்பது காதுக்குள் நடப்பது, வெளியே தெரியாது. அதை வெளியே தெரியவைக்க ஒரு சட்டையோ கண்மையோ தேவைப்படுகிறது.

அந்த உடைக்கு இளைஞர்கள் கொடுத்த விலையையும் அண்ணனுக்குச் சொல். 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லங்காஷயரில், பேக்கப் என்ற சிற்றூரின் பூங்காவில், சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணையும் அவளுடைய காதலனையும் பையன்கள் சிலர் அடித்து மிதித்தார்கள். கீழே விழுந்து கிடந்த அவனுடைய தலையைத் தன் மடியில் தாங்கிக் காப்பாற்றப் பார்த்தபோதுதான் அவளை மிதித்தார்கள். 13 நாட்கள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனாள். அவர்கள் இருவரும் கோத் இசை ரசிகர்களின் உடைப் பாணியில் இருந்தார்கள் என்பதைத் தவிர வேறு முகாந்திரம் எதுவும் இல்லை. 2013-ல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை இப்படிப்பட்ட தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவுசெய்யத் தொடங்கியதற்குப் பின்னால் அந்த மரணம் இருக்கிறது. இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில், 2011 டிசம்பரில், ஒரு பங்க் (அதிகாரத்தை எதிர்க்கும் கரடுமுரடான ராக் இசை) கச்சேரிக்குள் போலீஸ் புகுந்து 60-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. தலையை மழித்தார்கள், காதிலும் மூக்கிலும் இருந்த வளையங்களைக் கழற்றினார்கள், ஏரியில் இறக்கிக் குளிக்கவைத்தார்கள். அதற்குச் 'சீர்திருத்தம்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு பிள்ளையின் தலைமுடி அரசாங்கத்தை இவ்வளவு தொந்தரவு செய்யுமானால், அதை வெறும் ஃபேஷன் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உன் கேள்வி வெளியாட்களைப் பற்றியது இல்லை. உள்ளே இருப்பவர்களைப் பற்றியது, அது கடினமானது.

2008 மார்ச்சில் மெக்ஸிகோவின் கெரேத்தாரோ நகரத்தில் எமோ (மனவேதனைகளைப் பாடும் ராக் வகை) ரசிகப் பிள்ளைகளைக் குறிவைத்து ஒரு பெரும் கூட்டம் திரண்டு அடித்தது. வேறு ஊர்களுக்கும் அந்தப் பகை பரவியது. எமோக்கள்மேல் கடுப்பில் இருந்தவர்களில் பங்க், மெட்டல் ரசிகர்களும் உண்டு. எங்கள் உடையை, எங்கள் முடியை எடுத்துக்கொண்டார்கள், சொந்தமாக அவர்களுக்கு எதுவும் இல்லை, போலிகள் என்பது அவர்களுடைய புகார்களில் ஒன்று. உன் நண்பர்கள் அந்தப் புதுப்பெண்ணிடம் கேட்டதும் இதே புகார்தான். அங்கே கை ஓங்கினார்கள், இங்கே சிரித்தார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது எங்களுடையது, நீ தொடக்கூடாது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் இருக்கிறது.

இந்த எண்ணம் எப்படி வளர்கிறது என்பதைப் பார்க்க குடியும் போதையும் வேண்டாம் என்ற பங்க் இளைஞர்களின் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1980-ல் வாஷிங்டனைச் சேர்ந்த டீன் ஐடில்ஸ் என்ற இசைக்குழு சான் பிரான்சிஸ்கோவுக்கு வாசிக்கப் போனது. எல்லாரும் மது அருந்தும் வயது வராத பிள்ளைகள். அரங்கத்தில் அவர்கள் கையில் பெரிய பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு உள்ளே விட்டார்கள். இவனுக்கு ஊற்றாதே என்று மதுக்கூடத்தில் நிற்பவருக்கு அது அடையாளம். ஊர் திரும்பியதும் அதே ஏற்பாட்டைத் தங்கள் ஊர் அரங்கங்களிலும் கேட்டு வாங்கினார்கள். நாங்கள் குடிக்க மாட்டோம், பாட்டுக் கேட்க உள்ளே விடுங்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம் அந்தக் குழுவில் இருந்த இயன் மெக்காய், மைனர் த்ரெட் என்ற புதிய குழுவில், ஒரு நிமிடம்கூட ஓடாத ஒரு பாட்டில் தன் நிலையைச் சொன்னார். எனக்குப் போதை வேண்டாம், எனக்கு வேறு வேலை இருக்கிறது என்பதே அதன் சாரம். குடிக்காதவனைக் கேலிசெய்யும் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒரு பையன் சொன்ன தனிப்பட்ட விஷயம் அது.

பிறகு நடந்ததைப் பார். குறி சின்னமானது. சின்னத்தோடு விதிகள் வந்தன. யார் உண்மையான ஸ்ட்ரெய்ட் எட்ஜ், யார் வழிதவறியவன் என்று கணக்குப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். 1990-களில் சால்ட் லேக் சிட்டியில் சில குழுக்கள் புகைபிடித்தவர்களையும் குடித்தவர்களையும் அடிக்கும் அளவுக்குப் போனார்கள். அங்கே போலீஸ் அவர்களை ரவுடிக் கும்பல்களின் பட்டியலில் வைத்தது. இது ஒரு இயக்கம் என்றோ விதிப்புத்தகம் என்றோ தான் நினைக்கவில்லை என்று மெக்காய் பல வருடங்களாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். வெளியிலிருந்து யாரும் வந்து அதைக் கெடுக்கவில்லை. கம்பெனிகள் இல்லை, தொலைக்காட்சி இல்லை. தாங்கள் காப்பாற்றுகிறோம் என்று முழுமனதாக நம்பிய பிள்ளைகளே அதைச் செய்தார்கள்.

அதனால்தான், மாற்று இசையை வியாபாரம் கெடுத்துவிட்டது என்ற வழக்கமான புலம்பலில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. வியாபாரம் நுழைந்தது உண்மை. 1992 நவம்பரில் மார்க் ஜேக்கப்ஸ் என்ற வடிவமைப்பாளர், சியாட்டில் பிள்ளைகள் குளிருக்காகப் பழைய துணிக்கடைகளில் வாங்கிப் போட்ட கட்டம்போட்ட ஃபிளானல் சட்டையைப் பட்டில் செய்து நியூயார்க் மேடையில் நடக்கவிட்டார். (அவரை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்துக்கே அது பிடிக்கவில்லை, அனுப்பிவிட்டார்கள்.) பங்க் உடையும் லண்டனின் கிங்ஸ் ரோடில் வீவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் நடத்திய கடையோடு ஆரம்பத்திலிருந்தே பிணைந்ததுதான். ஆனால் கடையில் தொங்கும் டி-ஷர்ட், பக்கத்தில் எந்தக் கூட்டமும் இல்லாத ஒரு பிள்ளைக்கு முதல் வாசலாகவும் இருக்கிறது. கடை அவளிடம் பணம் கேட்கும், பரீட்சை வைக்காது.

இனி கறுப்பைப் பற்றி. மெட்டல் உடை எங்கிருந்து வந்தது என்று உன் நண்பர்களுக்குத் தெரியுமா? கறுப்புத் தோல் ஜாக்கெட், ஆணிகள் பதித்த பட்டைகள், சங்கிலி எல்லாவற்றையும் மெட்டலின் முகமாக்கியவர் ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்ற இசைக்குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட், 1970-களின் கடைசியில். தோல் உடையை விரும்பிய தன்பாலீர்ப்பு ஆண்கள் வாங்கப் போகும் கடைகளில் கிடைத்த உடுப்புகள் அவை. ஹால்ஃபோர்ட் 1998-ல் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முந்தைய இருபது வருடங்களில், ஆண்மை என்ற பெயரில் தன்பாலீர்ப்பாளர்களை ஏசிய எத்தனையோ மெட்டல் பையன்கள் அந்த உடையைப் போட்டுக்கொண்டுதான் ஏசினார்கள். நீங்கள் போடும் டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ் 1960-ல் இங்கிலாந்தில் வெளிவந்தபோது தபால்காரர்களும் தொழிற்சாலை ஆட்களும் போட்ட வேலைச் செருப்பு. பிற்பாடு அதே பூட்ஸை இனவெறி ஸ்கின்ஹெட்களும் (தலையை ஒட்ட மழித்துக்கொள்ளும் இளைஞர்கள்) போட்டார்கள், அவர்களை எதிர்த்து நின்ற ஸ்கின்ஹெட்களும் போட்டார்கள். இந்த உடையில் எந்தத் துண்டும் உங்கள் கூட்டத்தில் பிறக்கவில்லை. எல்லாம் யாரோ ஒருவரிடமிருந்து வாங்கியது, பெரும்பாலும் கேட்காமலே. அப்படிப்பட்ட ஒன்றுக்கு வாசலில் நின்று காவல் காக்க யாருக்கும் பாத்தியதை இல்லை.

அந்த 'மூணு பாட்டு' விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கோபம் வருகிறது. நான் பார்த்தவரை இந்தக் கேள்வி ஆண்பிள்ளைகளிடம் அபூர்வமாகத்தான் கேட்கப்படுகிறது. ஒரு பையன் டி-ஷர்ட்டோடு வந்தால் ரசிகன். பெண் வந்தால் யாருக்காகவோ போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண் இரண்டு பாட்டுகளைச் சொல்லிவிட்டாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டு பாட்டு பிடித்துப்போய் மூன்றாவதைத் தேடி வந்தவளுக்கு அந்த மூன்றாவதைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். அந்த வயதில் யாருக்குமே எல்லாம் தெரிந்திருக்காது, தெரிந்த மாதிரி நடிப்பவர்கள்தான் அதிகம். பரீட்சை வைப்பவன் பாதி நேரம் தன்னிடம் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் முந்திக்கொள்கிறான். அவன்மேலும் எனக்கு இரக்கம் உண்டு. அதற்காக அவன் செய்ததை நல்லது என்று சொல்ல முடியாது.

விலகட்டுமா என்று கேட்கிறாய். அவர்களைவிட இன்னும் வித்தியாசமானவளாக இருக்க வேண்டும் என்று விலகினால் வேண்டாம். அது இதே பந்தயத்தின் அடுத்த சுற்று, அங்கேயும் ஒரு யூனிஃபார்ம் காத்திருக்கும். தினமும் உன்னை அவமானப்படுத்துகிறார்கள் என்றால் யோசிக்காமல் விலகு. உன் கடிதத்தைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. உனக்கு அவர்களில் சிலரைப் பிடித்திருக்கிறது.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் செய்த ஒரு பரிசோதனை உனக்கு உதவும். கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும், குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷின் ஆட்கள், வேண்டுமென்றே சேர்ந்து தப்பாகச் சொல்வார்கள். அந்த ஒருவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை, கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார். இது எல்லாரும் சொல்லும் பகுதி. அதிகம் சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் மாற்றிச் சொன்னால் போதும், அந்தப் பணிவு வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த ஆள் சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. வேறொரு தப்பைச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவருக்கு வாய் திறந்தது.

உன்னிடம் முதலில் வந்து பேசிய அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசு. உன் பாப் பாட்டு அவளுக்குப் பிடிக்க வேண்டியதில்லை. அவளும் எதையாவது ஒளித்துவைத்திருப்பாள். நீங்கள் இரண்டு பேர் ஒத்துப்போகாமல் இருப்பது வெளியே தெரிந்தாலே மற்றவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அந்தப் புதுப்பெண்ணின் எண் யாரிடமாவது இருந்தால் அவளையும் கூப்பிடு. கூட்டத்தோடு வேண்டாம், நீங்கள் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து கேளுங்கள்.

என்ன கேட்பது என்றால், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற பங்க் இசைக்குழுவை. பாடகி பாலி ஸ்டைரீன், தந்தை சோமாலியர், தாய் பிரிட்டிஷ்காரர். 1976 ஜூலையில் தன் 19-வது பிறந்தநாளன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசிப்பதைப் பார்த்துவிட்டு, சேர்ந்து வாசிக்க வாருங்கள் என்று பங்க் இளைஞர்களைக் கூப்பிட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். சாக்ஸஃபோனோடு ஒரு பள்ளி வயதுப் பெண் வந்தாள். பங்க் என்றால் கிட்டார் என்று இருந்த நேரத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார். எல்லாரும் கறுப்பிலும் கிழிசலிலும் இருந்தபோது பாலி கண்ணைப் பறிக்கும் மஞ்சளிலும் பச்சையிலும், பல்லில் கம்பி கட்டிய வாயோடு, மேடை ஏறினார். அந்தக் காலத்தில் அவர்கள் போட்டது ஒரே ஒரு ஆல்பம், 1978-ல். புகைப்படங்களைப் பிறகு பாருங்கள், முதலில் பாட்டுகளைக் கேளுங்கள். சாக்ஸஃபோன் எங்கே நுழைகிறது என்று கவனியுங்கள். கேட்டுவிட்டு மூன்று பேரும் எனக்கு எழுதுங்கள், பிடிக்கவில்லை என்றாலும்.

அன்புடன்,
அக்கா