புகார் தோற்றது, பழிவாங்கலுக்கு வழக்கு நிற்குமா?

கேள்வி: நியூ ஜெர்சியில், கன்சல்டன்சி மூலம் எச்-1பி விசாவில் ஒரு கிளையன்ட் அலுவலகத்தில் வேலை. அங்குள்ள மேனேஜரின் ஆபாசப் பேச்சு பற்றி பிப்ரவரியில் எச்.ஆருக்கு மெயில் அனுப்பினேன். ஜூனில், ‘ஆதாரம் இல்லை’ என்று மூடிவிட்டார்கள். இரண்டே வாரத்தில் என்னை பிராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதானா?
- வாசகி

பதில்: இல்லை. அங்குள்ள 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டத்தில் பழிவாங்கல் தனிக் குற்றச்சாட்டு. தொல்லை நிரூபணமாகாமல் போனாலும், நடந்தது சட்டவிரோதம் என்று நீங்கள் நியாயமாக நம்பிப் புகார் கொடுத்திருந்தால் போதும். சம்பளம் குறைந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. புகார் கொடுக்கவே ஒருவரைத் தயங்கவைக்கும் நடவடிக்கையா என்பதுதான் 2006-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்.

சிக்கல் அதே நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பில் இருக்கிறது. புகார் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்த நீக்கம் நடந்திருக்காது என்று நீங்கள் காட்ட வேண்டும். இரண்டு வார இடைவெளி உதவும். அதை மட்டும் நம்பாதீர்கள். நீக்கியவருக்கு உங்கள் புகார் தெரிந்திருந்ததா? நீக்கத்துக்குச் சொல்லும் காரணம் மெயிலுக்கு மெயில் மாறுகிறதா? முந்தைய அப்ரைசல் நன்றாக இருந்ததா? இவற்றைத் தேதிவாரியாக எழுதிவையுங்கள். ஆத்திரத்தில் கம்பெனி ஃபைல்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். வேலையைவிட்டு எடுக்க அதுவே சாக்காகிவிடும்.

பலர் கோட்டைவிடுவது நாள் கணக்கில். எச்.ஆர் விசாரணை நடக்கிறதே என்று கெடு காத்திருக்காது. சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் (ஈ.ஈ.ஓ.சி.) புகார் கொடுக்க நியூ ஜெர்சிக்காரர்களுக்கு 300 நாள். நீக்கத்துக்கு, அதைத் தெரிவித்த தேதியிலிருந்து எண்ணுங்கள். தொடர்ந்து நடந்த தொல்லைக்கு, கடைசிச் சம்பவம் அந்த 300 நாளுக்குள் வர வேண்டும். படிவத்தில் ‘பாலினம்’, ‘பழிவாங்கல்’ இரண்டையும் குறியுங்கள். கன்சல்டன்சி, கிளையன்ட் இருவர் பெயரையும் போடுங்கள். ஒன்றை விட்டால், பின்னால் ‘எங்கள் ஊழியரே இல்லை’ என்று கைகழுவ வழி கிடைக்கும். ஆணையத்திடமிருந்து வழக்குத் தொடர அனுமதிக் கடிதம் வந்தபின், நீதிமன்றம் போக 90 நாள்தான்.

மேலே சொன்ன மத்தியச் சட்டத்தில் மன உளைச்சலுக்கான ஈடும் தண்டனைத் தொகையும் சேர்த்து, ஊழியர் எண்ணிக்கையைப் பொறுத்து 50,000 முதல் 3,00,000 டாலர் வரைதான். மாநிலப் பாகுபாடு தடைச் சட்டத்தில் அந்த உச்சவரம்பு இல்லை. நேரே நீதிமன்றம் போக 2 ஆண்டு அவகாசமும் உண்டு. வக்கீலிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

விசாவால் இந்த உரிமை குறையாது. பிராஜெக்ட் தராமல் பெஞ்சில் உட்காரவைத்தாலும் கன்சல்டன்சி சம்பளம் தர வேண்டும். வேலையே போனால் 60 நாள் வரை தங்கலாம்; ஐ-94 (நீங்கள் தங்க அனுமதித்த கடைசித் தேதி உள்ள பதிவு) அதற்கு முன் முடிந்தால் அதுவரைதான்.