எந்தப் பிள்ளைக்காகக் கவலைப்படுவது?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது, உயரம் 120 செ.மீ., நிறை 20 கிலோ. கைபேசியில் உடற்திணிவுச் சுட்டியைக் கணித்தபோது 13.9 என்று வந்தது. 18.5 இற்குக் குறைந்தால் மெலிவு என்றும் அதில் எழுதியிருந்தது. 11 வயதான மூத்தவன் 140 செ.மீ., 41 கிலோ. அவனுக்கு வந்த 20.9 சரியான அளவு என்று காட்டியது. இளையவளுக்குச் சத்து மருந்து கொடுக்க வேண்டுமா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: தங்கள் கணக்கில் பிழையில்லை. கிலோவில் எடுத்த நிறையை, மீற்றரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த எண்கள்தாம் வரும். ஆனால், அவற்றை ஒப்பிட்ட எல்லைகள் வளர்ந்தவர்களுக்குரியவை. குழந்தையின் சுட்டி முதலாம் வயதுக்குள் ஏறி, பின்னர் படிப்படியாக இறங்கி, ஐந்து, ஆறு வயதளவில் மிகக் குறைந்து, அதன்பின் மீண்டும் ஏறத் தொடங்குகிறது. முன்பள்ளியில் கொழுகொழுவென்றிருந்த பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போனதும் எலும்பும் தோலுமாகிவிட்டது என்று அம்மம்மாமார் குறைப்படுவது பெரும்பாலும் இந்த இயல்பான இறக்கத்தைக் கண்டுதான்.

ஆகவே பிள்ளையின் சுட்டியை வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வரைபில் வைத்தே பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையானோருக்கு 2007 இல் வெளியிட்ட வரைபின்படி, 7 வயதுப் பெண்பிள்ளையின் நடு அளவு ஏறத்தாழ 15.4, 12.7 இற்குக் கீழே போனால்தான் மெலிவு. தங்கள் மகள் ஒல்லியானவள், அவ்வளவுதான். உயரமும் வயதுக்கு ஏற்றதாகவே இருக்கிறது. மருந்து தேவையில்லை.

நான் சற்று யோசிப்பது மூத்தவனைப் பற்றியே. 11 வயது ஆண்பிள்ளைக்கு 19.2 ஐத் தாண்டினால் அதிக நிறை, 22.5 ஐத் தாண்டினால் உடற்பருமன். 20.9 அவனை முதல் எல்லைக்கு அப்பால் வைக்கிறது. இதற்காக அவனைப் பட்டினி போடக் கூடாது, பிறர் முன்னால் குண்டன் என்று அழைக்கவும் கூடாது. வளரும் வயதாதலால், நிறை மேலும் ஏறாமல் நின்றாலே உயரம் கூடக் கூடச் சுட்டி தானாக இறங்கும். சோடாவையும் பக்கற்றில் வரும் பொரியல்களையும் குறைத்து, அவித்த பயறு, கௌபி, குளத்து மீன், கீரை ஆகியவற்றுக்கு இடம் கொடுங்கள். மாலையில் தனியார் வகுப்புக்கு முன்னராவது விளையாட விடுங்கள்.

ஆனால் இவ்வளவும் தாங்கள் தந்த அளவுகள் சரியானவை என்று கொண்டே சொல்கிறேன். உயரம் வர்க்கமாக்கப்படுவதால் சிறு பிழையும் பெருகிவிடும்: மகளைச் செருப்போடு அளந்து 122 செ.மீ. என்று எழுதியிருந்தால் 13.4 தான் வந்திருக்கும். வெறுங்காலோடு, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி அளக்க வேண்டும். இருவரையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அழைத்துச் சென்று அளந்து, புள்ளிகளை வரைபில் குறிப்பித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி குறிக்கும்போது மகளின் புள்ளி இப்போதுள்ள கோட்டிலிருந்து கீழிறங்கியிருந்தால், அப்போது வைத்தியரிடம் காட்டுங்கள்.