வாசலில் வைத்த சரக்கொன்றைக்கும் மகிழத்துக்கும் தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை கருகுகிறதே, ஏன்?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இதுதானே: மதுரையில் செம்மண் தரை, கன்று வைத்து மூன்று மாதம், காலையும் மாலையும் இரண்டிரண்டு மக் போர்த் தண்ணீர், இலை ஓரம் கருகுகிறது, இன்னும் ஊற்றவா? ஊற்றுங்கள். ஆனால் தினமும் வேண்டாம்.

இரண்டு மக் தண்ணீர் மேலே இரண்டு அங்குலத்தை நனைப்பதோடு சரி. மதியத்துக்குள் அது ஆவியாகிவிடும். ஈரம் இருக்கிற இடத்தில்தான் வேர் ஓடும் என்பதால் வேர்கள் மேலேயே நின்று வெந்துபோகும். போர்த் தண்ணீராக இருந்தால் இன்னொரு வம்பு: நீர் ஆவியாகும், உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். பாத்தி ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். இலை நடுவில் பச்சை, ஓரம் மட்டும் கருகல் என்றால் தண்ணீர்க் குறைவோ உப்போ, பெரும்பாலும் இரண்டும்தான். ஆர்.ஓ. மெஷினில் கழியும் தண்ணீரைக் கன்றுக்கு விடுகிறவர்கள் உடனே நிறுத்துங்கள். வீணாகக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம்.

முதலில் பாத்தி. தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, நாலு அங்குல உயரத்துக்கு வட்டமாக வரப்பு கட்டுங்கள். தண்டைச் சுற்றி மண் லேசாக மேடாக இருக்கட்டும். தண்டடியில் தண்ணீர் தேங்கினால் பட்டை அழுகும். இந்த மூன்றடி வட்டத்தில் 20 லிட்டர் விட்டால் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும், ஏறக்குறைய ஒரு அடி ஆழம் இறங்கும். ஒரே மூச்சில் கவிழ்க்காமல் பாதியை விட்டு, அது உறிஞ்சியபின் மீதியை விடுங்கள்.

செம்மண்ணில் உங்கள் வயசுக் கன்றுக்கு இந்த வெயிலில் மூன்று நாளைக்கு ஒருமுறை போதும். கரிசலில் ஐந்தாறு நாள் தாங்கும், வெடிப்பை மட்டும் மண் போட்டு மூடிவிட்டு ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வெடிப்பு வழியே ஓடிவிடும். இது எல்லா மண்ணுக்கும் பொருந்துமா என்று சண்டைக்கு வர வேண்டாம். மண்ணைக் கேட்க வழி இருக்கிறது. மறுநாள் ஒரு 8 எம்எம் கம்பியை அழுத்துங்கள். ஈரம் உள்ளவரை வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். ஒரு அடிக்குக் குறைவாக நின்றால் அளவைக் கூட்டுங்கள். கல் தட்டியிருக்கலாம், இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது நர்சரி கவர் மண்ணில். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. பாத்தி முழுக்கச் சேறாக இருக்கும், தண்டு பக்கத்தில் விரலை விட்டால் பொடிப்பொடியாக வரும். கம்பியால் அங்கே நாலைந்து துளை போட்டு, ஹோஸைப் பென்சில் கனத்துக்கு மெதுவாக விட்டு ஊறவிடுங்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது வெந்நீர், அதைக் கீழே ஓடவிட்டபின் கன்றுக்குத் திருப்புங்கள்.

பாத்திக்கு மேல் மூன்று அங்குலம் சருகோ தேங்காய் மட்டையோ பரப்பினால் ஈரம் கூடுதலாக நிற்கும். தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடம் விடுங்கள், கரையான் பயமும் குறையும். சொட்டு நீர் போடலாமே என்பீர்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் இரண்டை தண்டின் இரு பக்கமும் வைத்து மூன்று மணி நேரம் விட்டால் 24 லிட்டர். தினமும் பத்து நிமிடம் ஓட்டினால் அதுவும் மக் தண்ணீர் கதைதான்.

மதியம் இலை தொங்கினால் பதற வேண்டாம், அது வெயில். விடிகாலையிலும் தொங்கினால்தான் தாகம். மண் சொதசொதவென்று இருந்தும் காலையில் தொங்குகிறதென்றால் வேர் அழுகல், தண்ணீரை நிறுத்துங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் ஊரெங்கும் குழி தோண்டி, கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். நாலு மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காமல் அந்த வெயிலில் நடுவது கன்றைக் கொல்வதுதான். தப்பிப் பிழைத்ததையும் தண்டை ஒட்டி பேவர் பிளாக் பதித்து மூடுவார்கள். புரட்டாசிக் கடைசியில் நட்டால் பாதி வேலையை மழை பார்த்துக்கொள்ளும்.

உங்கள் சரக்கொன்றை கோடையில் இலையை மொத்தமாக உதிர்த்தாலும் பிடுங்கிவிடாதீர்கள், அதன் குணம் அது. நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். மகிழம் அப்படி மொட்டையாகாது. ஆனால் மந்தமாகத்தான் வளரும், அதற்காகத் தண்ணீரைக் கூட்ட வேண்டாம்.