கடலூர் என்று மட்டும் தேடாதீர்கள்

கேள்வி: கடலூர் கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாவது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தலைப்பை முழு வாக்கியமாக அடித்தால் ஒன்றும் வருவதில்லை. ‘கிரவுண்ட்வாட்டர்’ என்று மட்டும் அடித்தால் கணக்கில்லாமல் கொட்டுகிறது. எப்படித் தேடுவது?

பதில்: முதலில் ஒரு தாளை எடுங்கள். எது, அதற்கு என்ன ஆகிறது, எங்கே என்று மூன்று வரிசை எழுதுங்கள். நீங்கள் ‘கிரவுண்ட்வாட்டர்’ என்பதை இன்னொருவர் ‘அக்விஃபர்’ (நீர்தாங்கி அடுக்கு) என்று எழுதியிருப்பார். அப்படி மற்றவர்கள் எழுதக்கூடிய சொற்களை எல்லாம் அந்தந்த வரிசையில் சேர்த்து, நடுவே ‘அல்லது’ என்று பொருள்படும் ஆங்கில ‘ஆர்’ போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். வரிசைகளை ‘ஆண்ட்’ போட்டு இணையுங்கள். ‘சீவாட்டர் இன்ட்ரூஷன்’ (கடல்நீர் ஊடுருவல்) போன்ற தொடருக்கு இரட்டை மேற்கோள் குறி வேண்டும். உப்புத்தன்மைக்கு எஸ், ஏ, எல், ஐ, என் என்ற ஐந்தெழுத்தோடு ஒரு நட்சத்திரக் குறி போதும்; சலைன், சலினிட்டி, சலினைசேஷன் எல்லாம் சிக்கும்.

‘எங்கே’ வரிசையில்தான் நம் பக்கத்து மாணவர்கள் கோட்டை விடுகிறார்கள். நிலத்தடி நீருக்கு மாவட்ட எல்லை கிடையாது, அதனால் புதுச்சேரியையும் சேருங்கள். அதன் பெயர் 2006-ல்தான் மாறியது. பழைய கட்டுரைகளில் பாண்டிச்சேரிதான் இருக்கும். ஆகவே இரண்டு பெயரும் வேண்டும். ஆனால் கட்டுரைப் பதிவின் எல்லாப் பகுதிகளிலும் தேடவிட்டால் ஆசிரியரின் முகவரியும் தேடலில் சேர்ந்துவிடும். பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தார் எழுதிய வேதியியல், மேலாண்மைக் கட்டுரைகளெல்லாம் வந்து குவியும். தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள் என்ற அளவில் தேடலை நிறுத்துங்கள்.

கடலூர் என்ற பெயரில் உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. புவியியலாளர்கள் ஒரு பாறை அடுக்குக்கே ‘கடலூர் மணற்கல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நெய்வேலிச் சுரங்கப் பகுதி நீரைப் பற்றிய கட்டுரைகளும் அந்தப் பெயரில் அகப்படும். நமக்கு வேண்டாம் என்று ‘ஆண்ட் நாட்’ போட்டு நெய்வேலியை விலக்கிவிடாதீர்கள். நெய்வேலியிலிருந்து கடற்கரை வரை ஆராய்ந்த கட்டுரையும் அதோடு சேர்ந்து காணாமல் போகும். அதுதான் உங்களுக்கு மிகவும் வேண்டியது.

அப்புறம் சோத்கங்கா என்ற இணையதளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். உங்களுக்கு நெருக்கமான ஆய்வேடு ஒன்று கிடைத்தாலும் அதன் துணைநூற்பட்டியலே பாதி வழி காட்டும். நல்ல கட்டுரை அகப்பட்டால், அதைப் பின்னாளில் யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றும் ஸ்கோபஸில் பாருங்கள்.

தேடல் வரியையும் தேடிய தேதியையும் நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வரியைப் போட்டு, புதிதாக வந்தவற்றை மட்டும் பார்த்தால் போதும்.