ராத்திரிக்கு லேசான மீன் சாப்பாடு அரை மணி நேரத்தில் ஆகுமா? ஆகும், முதலில் மீனை மாற்றுங்கள்

"வேலை முடிந்து வீடு வர ஏழரை ஆகிறது. எண்ணெய், மசாலா அதிகம் இல்லாமல் அரை மணி நேரத்தில் மீன் சமைக்க முடியுமா? ராத்திரியில் மீன் செரிக்காது என்கிறார்களே, ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் ராத்திரிச் சாப்பாடே அதுதான். மீன் கழுவித் தயாராக இருந்தால், அடுப்பு பற்றவைத்து இறக்க இருபது நிமிடம் போதும்.

எனக்கு முன்னால் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். கடற்கரைக்காரர்கள் சமையல் என்றாலே காரமும் எண்ணெயும்தான், ராத்திரியில் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிறார். அதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. நான் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரான தேவிபட்டினத்துக்காரன். அப்பா நாற்பது வருடம் வத்தை என்கிற நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போனவர். சாலையோர ஓட்டலில் எண்ணெய் மிதக்கக் கொடுக்கும் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அதுதான் எங்கள் வீட்டுச் சமையல் என்று சொன்னால் எப்படி? பகலில் புளி கரைத்து மிளகாய் அரைத்துக் குழம்பு வைப்போம், இல்லை என்று சொல்லவில்லை. ராத்திரி கதை வேறு.

நீங்கள் பெரும்பாலும் வஞ்சிரம் துண்டுதான் வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் அதைச் சீலா என்போம். நல்ல மீன், ஆனால் விலை அதிகம். சதை கெட்டி என்பதால் தண்ணீரில் வேகவைத்தால் அவ்வளவாக ருசிக்காது, வறுத்தால்தான் அதற்கு மரியாதை. ராத்திரிக்கு நான் சொல்வது கிழங்கான். கரையோரத்து மணலில் மேயும் மீன், ஒரு சாண் நீளம் இருக்கும், வெள்ளைச் சதை, கொழுப்பு குறைவு. உடம்பு சரியில்லாதவர்களுக்கு எங்கள் ஊரில் முதலில் தேடுவது இதைத்தான். கிடைக்காவிட்டால் ஓரா அல்லது நகரை வாங்கலாம். சூடை சத்தான மீன், ஆனால் நெய்ப்பு அதிகம், அதைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன். நாலு வருடம் முன்னால் அப்பாவுக்கு வயிற்றுப்புண். காரம் கூடாது, ராத்திரியில் லேசாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அப்போது அக்கா பிரசவத்துக்காக மானாமதுரை போயிருந்தார். வீட்டில் அப்பா, அப்பத்தா, நான். நான் ராமநாதபுரத்தில் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து சேர ஏழு மணி தாண்டிவிடும். வரும்போது இட்லி வாங்கி வருவேன், இல்லாவிட்டால் ரொட்டி. மூன்று நாள் அப்பா பேருக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நாலாவது நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "மீனு வாடை இல்லாம எப்புடிடா தொண்டையில எறங்கும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் கரையில் அரைக் கிலோ கிழங்கான் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். அப்பத்தாவுக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல், நிற்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்துகொண்டே சொல்லச் சொல்ல நான் செய்தேன். வாலிலிருந்து தலைப் பக்கமாகக் கத்தியை ஓட்டினால் செதில் உதிர்ந்துவிடும். குடலை எடுத்துவிட்டு, கல்லுப்பு போட்டு உரசி இரண்டு தண்ணீரில் அலச வேண்டும். மண்சட்டியில் இரண்டு டம்ளர் தண்ணீர், கீறிய சின்ன வெங்காயம் பத்து, நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி, ஒரே ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, நுணுக்கிய சீரகம் அரை ஸ்பூன். எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. வெங்காயம் வெந்து தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மீனைப் போட்டுத் தீயைக் குறைக்க வேண்டும்.

நான் கரண்டியை எடுத்துக் கிண்டப் போனேன். "கரண்டியப் போடாதடா, சட்டியப் புடிச்சு ஆட்டு!" என்று திண்ணையிலிருந்து சத்தம் வந்தது. இந்தச் சமையலில் முக்கியமாகத் தவறும் இடம் இதுதான். ஆட்டுக்கறியில் இருப்பதுபோல் மீனில் கெட்டியான தசைநார் கிடையாது. அதனால்தான் சீக்கிரம் வேகிறது, அதனால்தான் கரண்டி பட்டால் கலைந்தும் போகிறது. சின்ன மீனுக்கு ஏழு நிமிடம். கண் வெள்ளையாகி, முதுகுப் பக்கம் சதை முள்ளைவிட்டு விலகினால் வெந்துவிட்டது. அடுப்பை அணைத்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் அரை டம்ளர் ஊற்றுங்கள், கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். தேங்காய் உடைக்க நேரம் இல்லையா, எலுமிச்சை அரை மூடி பிழிந்தால் போதும்.

அப்பா அன்றைக்குக் குழைந்த சோற்றில் அதை ஊற்றி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். "வத்தையில நாங்க ஆக்குறதும் இப்புடித்தான், தேங்காதான் இருக்காது" என்றார். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இதைப் படித்துவிட்டு, வயிற்றுப்புண்ணுக்கு மீன் மருந்து என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அப்பா குணமானது டாக்டர் கொடுத்த மாத்திரையால்தான். மீன் ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர்கள் தொடவே கூடாது. செரிக்காது என்று சொல்கிறவர்களிடம், செரிக்காதது மீனா, அதைப் பொரித்த எண்ணெயா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது மீனுக்கு எங்கே போவது என்றும் சிலர் கேட்பார்கள். தடை விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகுகள் போகும், கிழங்கான் வரும், விலைதான் ஏறியிருக்கும்.

மீன் வாடையைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு ஒரு நாள் ஞாபகம் வந்துவிடும். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்பத்தா கூடை மீன் தூக்கி ராமநாதபுரத்தில் தெருத்தெருவாக விற்றவர். எனக்கு ஒன்பது வயது, லீவு நாளில் கூடவே போனேன். பாதி வழியில், நாற்றம் தாங்கவில்லை என்று யாரோ சொல்ல, கண்டக்டர் எங்களை இறக்கிவிட்டார். டிக்கெட் எடுத்திருந்தோம். வெயிலில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பத்தா நடந்தார், நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால். ஐஸ் கரைந்து அவர் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கூடை மீனில்தான் நான் படித்தேன். போன வருடம் அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு நாள்கூட அந்தக் கண்டக்டரை அவர் திட்டி நான் கேட்டதில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் பிள்ளை விஷயம். கிழங்கானைத் தட்டில் வைத்து, முதுகில் விரலால் நீளமாகக் கீறி மேல் சதையை இரண்டு பக்கமும் விலக்குங்கள். நடுமுள்ளை வால் பக்கமாகப் பிடித்துத் தூக்கினால் தலையோடு வந்துவிடும். வயிற்றுப் பக்கத்துச் சதையில் மெல்லிய முள் இருக்கும், அதை நீங்கள் சாப்பிடுங்கள். முதுகுச் சதையை விரலால் ஒருமுறை நசுக்கிப் பார்த்துவிட்டு, சோற்றில் பிசைந்து ஊட்டுங்கள்.