குளிர்காலக் காலைகளில் மட்டும் காரில் வரும் சத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

டொரண்டோவில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். மைனஸ் 15 டிகிரி அளவுக்குக் குளிரும் காலைகளில் காரை ஸ்டார்ட் செய்தவுடன் ஏதோ ஒரு சத்தம் வருகிறது, பத்து நிமிடத்தில் மறைந்துவிடுகிறது, கராஜுக்கு ஓட்டிச் சென்றால் "ஒன்றும் கேட்கவில்லையே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்கிறார். நான் ஒன்டாரியோவில் வாகனப் பழுதுபார்ப்பைத் தொழிலாகச் செய்பவன். இப்படிப்பட்ட குறையோடு வருகிறவர்களில் பலர் தேவையில்லாத பாகங்களை மாற்றிப் பணத்தைச் செலவழித்த பிறகே வருகிறார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பொதுவாக எல்லோரும் சத்தம் எப்படி இருக்கிறது என்பதை விவரிக்கத்தான் முயல்கிறார்கள். ஒருவருக்குக் "கீச்" என்று கேட்பது இன்னொருவருக்குக் "கிரீச்" என்று கேட்கும். அதை வைத்துக்கொண்டு அதிக தூரம் போக முடியாது. அந்தச் சத்தம் எதோடு சேர்ந்து கூடுகிறது, எதோடு சேர்ந்து குறைகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வண்டியைப் பார்க்கிங் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்து நிமிடத்துக்கு 2000 சுற்று வரை கொண்டுபோகும்போது சத்தமும் கூடவே வேகமெடுத்தால், அது இன்ஜினிலிருந்தோ இன்ஜின் சுழற்றும் ஏதாவது ஒரு பாகத்திலிருந்தோ வருகிறது. நின்ற இடத்தில் அமைதியாக இருந்து, வண்டி உருளும்போது மட்டும் சத்தம் எழுந்தால் சக்கரம், பிரேக், அச்சு ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். ஓடும்போது குழப்பம் வந்தால், 50 கிலோமீட்டர் வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் ஒரு படி குறைத்துப் பாருங்கள். இன்ஜின் சுழற்சி கூடியும் சத்தம் மாறாவிட்டால் இன்ஜினைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மேடுபள்ளத்தில் மட்டும் கேட்பது சஸ்பென்ஷன். இந்த ஒரு பிரிவினையிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இன்ஜினோடு சேர்ந்து வரும் சத்தங்களில், ஸ்டார்ட் ஆன உடனே காதைக் கிழிப்பதுபோல் கீச்சிட்டு ஓரிரு நிமிடத்தில் அடங்குவது பெரும்பாலும் முன்புற பெல்ட்தான். குளிரில் பெல்ட்டின் ரப்பர் விறைத்துப் பிடிமானத்தை இழக்கிறது; அதே நேரத்தில், ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழந்த மின்சாரத்தை ஈடுகட்டுவதற்காக அந்த பெல்ட் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் முழுச்சுமையில் ஓடுகிறது, பின்கண்ணாடி ஹீட்டரும் இருக்கை ஹீட்டரும் அந்தச் சுமையை மேலும் கூட்டுகின்றன. இதை உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது, கையையும் உடையையும் எட்டத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பிரே பாட்டிலால் பெல்ட்டின் பள்ளங்கள் உள்ள பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் உடனே நின்று சிறிது நேரத்தில் திரும்ப வந்தால் பெல்ட் ஓடும் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருக்கிறது. பெல்ட்டில் வெடிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து அது நன்றாக இருப்பதாக முடிவு செய்துவிட வேண்டாம். இப்போது பயன்படும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பெல்ட்டுகள் பழைய நியோப்ரீன் பெல்ட்டுகளைப்போல் எளிதில் வெடிப்பதில்லை. அவற்றின் பள்ளங்கள் தேய்ந்து ஆழமாகி, வழுக்கத் தொடங்குகின்றன.

இந்தச் சோதனைக்கும் முன்பாக, ஹீட்டர் ஃபேனை முழுவதுமாக அணைத்துப் பாருங்கள். குளிரில் கிரீஸ் இறுகிய ஃபேன் மோட்டாரும் பெல்ட்டைப்போலவே கீச்சிடும். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வழியில் விழுந்து ஃபேனுக்குள் போய்விட்ட காய்ந்த மேப்பிள் இலை படபடவென்று அடிப்பதை இன்ஜின் கோளாறு என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. ஒரு பொத்தானைத் திருகினால் தெரிந்துவிடும் விஷயத்துக்காக யாரும் பெல்ட்டை மாற்றக் கூடாது.

அடுத்தது டிக் டிக் என்று சீராக வரும் சத்தம். நான் அதிக அக்கறையோடு எழுத விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனெனில் இதற்குத் தீங்கற்ற காரணமும் உண்டு, உயிருக்கு ஆபத்தான காரணமும் உண்டு. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் உயரழுத்த பம்பும் இன்ஜெக்டர்களும் எப்போதும் டிக் டிக் என்றுதான் ஓடும். குளிரில் அது சற்றுத் தூக்கலாகக் கேட்கும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. இரவு முழுவதும் நின்றதில் ஆயில் கீழே வடிந்துவிட்டால், வால்வுகளை இயக்கும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் மறுபடி ஆயிலால் நிரம்பும் வரை சில நொடிகள் தட்டும். ஆனால் அந்தச் சத்தம் ஐந்து பத்து நிமிடம் நீடித்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் பலமாகி, இன்ஜின் சூடேறியதும் சுவடில்லாமல் மறைந்தால், சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். குளிர்ந்த உலோகம் சுருங்கியிருக்கும்போது மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே இடைவெளி திறந்திருக்கிறது. சூடேறி விரிந்ததும் அதுவே அடைத்துக்கொள்கிறது.

லிஃப்டர்களை எல்லாம் மாற்ற வேண்டும் என்று வேறோர் இடத்தில் சொல்லப்பட்டு என்னிடம் வந்த ஒரு பிக்கப் வண்டியை இரவு முழுவதும் வெளியே நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசி சிலிண்டருக்கு அருகே மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை இருந்தது. அங்கிருந்து அலுமினிய ஹெட்டின் மேல் கரி விசிறிபோலப் படர்ந்திருந்தது. வால்வு கவரைக் கழற்ற வேண்டிய தேவையே எழவில்லை. உடைந்த போல்ட்டை எடுத்து, புது கேஸ்கட் போட்டதும் சத்தம் நின்றது. அப்படிக் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டு ஓட்டும் குளிர்காலத்தில், ஹீட்டரின் காற்று வழியாகவே அது உள்ளே வரலாம். ஓட்டும்போது தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே கண்ணாடிகளை இறக்கி, ஓரமாக நிறுத்தி வெளியே வந்துவிடுங்கள். பனியில் சிக்கிய வண்டியில் புகைக்குழாயின் வாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் இன்ஜினை ஓடவிடுவதும், கதவு மூடிய வீட்டு கராஜுக்குள் வண்டியைச் சூடேற்றுவதும் இதே காரணத்தால் கூடாதவை.

ஸ்டார்ட் ஆன முதல் ஓரிரு நொடிகளில் மட்டும் சங்கிலியை உலுக்குவதுபோலக் கடகடவென்று கேட்டால், அது வால்வுகளை இன்ஜின் சுழற்சியோடு இணைக்கும் டைமிங் செயினின் டென்ஷனராகவோ, வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றுவதற்காகக் கேம் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள ஃபேசராகவோ இருக்கலாம். இரண்டும் ஆயில் அழுத்தத்தால் இயங்குபவை. ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு சரியில்லாத மலிவான ஃபில்டரும் இதற்குக் காரணமாகிறது என்பதால், முதலில் நல்ல ஃபில்டரையும் வண்டியின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள ஆயிலையும் போட்டுப் பார்ப்பது சிக்கனமான வழி. ஆயில் டப்பாவில் டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண்தான் குளிருக்கு உரியது. 0டபிள்யூ வகை ஆயில் மைனஸ் 40 டிகிரியிலும், 5டபிள்யூ மைனஸ் 35 டிகிரியிலும் பம்பால் இழுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்பது வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் தரவிதி. தமிழ்நாட்டில் பலருக்குப் பழக்கமான 20டபிள்யூ-40 ஆயிலுக்கு அந்த எல்லை மைனஸ் 20 மட்டுமே. கெட்டியான ஆயில்தான் இன்ஜினைக் காக்கும் என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிடுவது நல்லது. ஆயிலை மாற்றிய பிறகும் கடகடப்பு தொடர்ந்தாலோ, நாளுக்கு நாள் நீண்டாலோ, செயின் பல் தாண்டி இன்ஜினே சேதமாகும் வாய்ப்பு இருப்பதால் தள்ளிப்போடக் கூடாது.

அடித்தொண்டையில் வருவதுபோல மந்தமாகத் தட்டி, சூடேறியதும் அடங்குவது பிஸ்டனாக இருக்கலாம். பிஸ்டனின் அலுமினியம் சூட்டில் சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும்; ஆகவே குளிர்ந்த நிலையில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே வெளி அதிகம். ஆயில் குறையாதவரை அப்படியே பல ஆண்டுகள் ஓட்டுகிறார்கள். சூடான பின்பு கூடுகிற தட்டல் வேறு. அத்துடன் ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு, ஹீட்டரிலும் சூடு குறைவாக இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. வெறுமனே ஊற்றி நிரப்பாமல், எங்கே போனது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உருளும்போது எழும் சத்தங்களில் புதிதாக வந்தவர்களை அதிகம் பயமுறுத்துவது முதல் சில கிலோமீட்டருக்கு வரும் தடதடப்பு. இரவெல்லாம் ஒரே இடத்தில் நின்ற டயரின் அடிப்பகுதி குளிரில் தட்டையாகவே விறைத்துவிடுகிறது. ஓடி ஓடிச் சூடேறியதும் வட்டமாகிவிடும். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி குறையும்போதெல்லாம் டயரில் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ காற்றழுத்தம் குறைகிறது என்பதால், காற்றை வாரம் ஒரு முறை பார்ப்பது இதையும் குறைக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் உதறினால், சக்கரத்தின் உட்புறத்தில் பனி இறுகிச் சமநிலை கெட்டிருக்கலாம். வெந்நீர் உள்ள கார்வாஷில் கழுவிப் பார்த்துவிட்டு அப்புறம் கராஜுக்குப் போகலாம். முதல் ஒன்றிரண்டு பிரேக்கில் வரும் கரகரப்பு, சாலை உப்பால் டிஸ்க்கில் ஏறிய துரு. அதற்குப் பிறகும் நீடித்தால்தான் பிரேக் பேடைப் பார்க்க வேண்டும்.

ஒரே சீரான ரீங்காரம் வேகத்தோடு கூடினால், அது குளிர்கால டயரின் இயல்பான ஓசையா, சக்கரத்தின் பேரிங்கா என்பதுதான் கேள்வி. வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை வலப்பக்கம் சாய்கிறது. அப்போது ரீங்காரம் கூடி, எதிர்ப்பக்கம் திரும்பும்போது குறைந்தால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். டயரின் ஓசை அப்படி மாறுவதில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பழைய கதவுபோல முனகுவது பெரும்பாலும் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைப் பிடித்திருக்கும், குளிரில் விறைத்துப்போன ரப்பர், அதாவது ஸ்டெபிலைசர் புஷ். அதன்மேல் பெட்ரோலிய எண்ணெய் எதையும் அடிக்காதீர்கள், ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். சிலிக்கோன் கிரீஸ் போடலாம். சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்டின் உறை கிழிந்து உள்ளே நீர் உறைந்திருந்தாலும் இதே முனகல் வரும் என்பதால், கிரீஸ் போடுமுன் அதை ஒருவர் அடியில் படுத்துப் பார்த்துவிடுவது அவசியம்.

இனி, கராஜில் சத்தம் கேட்காத உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். வண்டியை அங்கே ஓட்டிச் செல்வதற்குள் அது சூடாகிவிடுகிறது; மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஆகவே நாளைக் காலையில் பானெட்டைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கைபேசியில் வீடியோவைத் தொடங்குங்கள். வெளி வெப்பநிலையைச் சொல்லிவிட்டு, சத்தம் முழுவதுமாக நிற்கும் வரை பதிவு செய்யுங்கள். பிறகு முதல் நாள் மாலையே வண்டியைக் கராஜில் விட்டு, இரவு வெளியிலேயே நிற்கட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலை எழுதும் தாளில், "காலையில் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே அருகில் நின்று செய்ய வேண்டும், அதற்கு முன் யாரும் இடம் மாற்றக்கூட ஸ்டார்ட் செய்யக் கூடாது" என்று எழுதச் சொல்லுங்கள். இடம் மாற்றுவதற்காக யாராவது ஒரு முறை கிளப்பிவிட்டால், அடுத்த சோதனைக்கு இன்னோர் இரவு காத்திருக்க வேண்டியிருக்கும்.